வயலினுக்கும் வியர்க்குமா?

என் அண்ணன் மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். பள்ளியின் தந்தி இசைக் குழுவில் இருக்கிறாள். தொடக்கநிலை மூன்றிலிருந்து வயலின் கற்பவள். வாசிப்பு கேட்க இதமாக இருக்கும். சென்ற ஆண்டு ஜூன் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் அவளுடைய வயலினில் ஒரு புது இரைச்சல் வரத் தொடங்கியது. எல்லாச் சுரங்களிலும் இல்லை. கீழ்த் தந்தியில் இரண்டு மூன்று சுரங்களில் மட்டும், கண்ணாடிக் குவளைக்குள் ஈ மாட்டிக்கொண்டதுபோல் ஒரு ‘ர்ர்ர்’.

வில்லைப் பிடிப்பது சரியில்லை என்றார்கள். விரலை அழுத்தமாக வைக்கவில்லை என்றார்கள். விடுமுறையில் பயிற்சி போதவில்லை என்று வீட்டிலும் சொன்னார்கள். அவள் தினமும் கூடுதலாக ஒரு மணி நேரம் வாசித்தாள். ஈ போகவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை என்னிடம் வந்து, “சித்தப்பா, எனக்கு வயலின் வேண்டாம். என் கைக்கு இது வராது போலிருக்கு,” என்றாள்.

மறுநாள் தந்தி வாத்தியங்களைப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் அவளை அழைத்துப் போனேன். அவர் வயலினை வாசித்துப் பார்க்கவே இல்லை. கையில் வாங்கி, மேல்பலகையின் விளிம்பைச் சுற்றி விரல் முட்டியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தார். டொக், டொக், டொக். கீழ்ப்பக்க வளைவில் ஓர் இடத்தில் மட்டும் ஓசை மாறியது: டப். ஒரு மெல்லிய காகிதத் துண்டை எடுத்து அங்கே செருகினார். மேல்பலகைக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே அது உள்ளே போனது. ஒட்டு விட்டிருந்தது, விரல் நீளத்துக்கு.

“பாப்பா கையில ஒரு குறையும் இல்ல. வயலின்தான் வாயத் திறந்திருக்கு,” என்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “லீவுல இது எங்கே இருந்துச்சு?”

அவளுடைய அறையில், பெட்டிக்கு வெளியே, ஒரு தாங்கியில் நின்றிருந்தது. குளிரூட்டிக்கு நேர் கீழே. விடுமுறையின் முதல் இரண்டு வாரம் குளிரூட்டி இரவும் பகலும் ஓடியது. பிறகு குடும்பத்தோடு ஈப்போவில் உறவினர் வீட்டுக்குப் பத்து நாள் போனார்கள். சன்னல் மூடி, குளிரூட்டி அணைந்து, வீடு பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்ததும் மறுபடி குளிரூட்டி. அவர் தலையை ஆட்டினார். அவருக்குக் கதை புரிந்துவிட்டது. நமக்குப் புரிய, கொஞ்சம் அறிவியல் வேண்டும்.

காற்றில் எவ்வளவு தண்ணீர்?

வானிலை அறிக்கையில் சொல்லப்படும் ஈரப்பதம் என்பது ஒப்பு ஈரப்பதம். அந்த வெப்பநிலையில் காற்று அதிகபட்சமாகத் தாங்கக்கூடிய நீராவியில் இப்போது எத்தனை விழுக்காடு இருக்கிறது என்பதே அது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதில் 24 கிராம் இருந்தால் ஈரப்பதம் 80 விழுக்காடு.

சிங்கப்பூரில் இந்த எண் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. சராசரி 80 விழுக்காட்டைத் தாண்டியே இருக்கும். ஆனால் ஒரே நாளுக்குள் நன்றாக மாறும். விடியற்காலையில் 90க்கு மேல் இருப்பது, மழையில்லாத நாளில் பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கிவிடும். காற்றிலுள்ள நீர் அதிகம் மாறவில்லை. காற்று சூடானதால் அதன் தாங்கும் அளவு கூடியது, விழுக்காடு குறைந்தது. அவ்வளவுதான்.

குளிரூட்டி வேறு விதமாக வேலை செய்கிறது. அதனுள்ளே உள்ள குளிர்ந்த குழாய்களில் அறைக் காற்று படும்போது நீராவி துளிகளாகப் படிந்து, ஒரு குழாய் வழியாக வெளியேறுகிறது. உங்கள் புளோக்கின் வெளிச்சுவரில் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது உங்கள் அறைக் காற்றிலிருந்து எடுத்த தண்ணீர். அதனால் குளிரூட்டி ஓடும் அறையில் ஈரப்பதம் 50, 60 என்று இறங்கிவிடுகிறது.

ஐரோப்பாவில் குளிர்காலம், கோடைக்காலம் என்று ஆண்டுக்கு ஒருமுறை மாறுவதை நாம் ஒரு பொத்தானை அழுத்தி ஒரே நாளில் இரண்டு தடவை மாற்றிக்கொள்கிறோம். அதை நாம் தாங்கிக்கொள்வோம். மரம்?

வெட்டிய பிறகும் நீர் குடிக்கும் மரம்

மரத்தை வெட்டி, அறுத்து, ஆண்டுக்கணக்கில் உலர்த்தி, வார்னிஷ் பூசினாலும் அது நீரோடு தொடர்பை விடுவதில்லை. மரத்தின் செல் சுவர்கள் செல்லுலோஸ் போன்ற பொருள்களால் ஆனவை. அவற்றின் மூலக்கூறுகளில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் ஏராளம். நீர் மூலக்கூறுகளை அவை தம்மிடம் இழுத்து வைத்துக்கொள்ளும். உள்ளே நுழையும் நீர், நாருக்கும் நாருக்கும் நடுவே இடம் பிடிக்கிறது, செல் சுவர் தடிக்கிறது, மரம் உப்புகிறது. காற்று வறண்டால் நீர் வெளியேறி மரம் சுருங்குகிறது.

எவ்வளவு நீர் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நம் வெப்பநிலையில், 55 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் நீண்ட நாள் கிடக்கும் மரத்தில், அதன் உலர் எடையில் ஏறத்தாழ 10 விழுக்காடு நீர் இருக்கும். 80 விழுக்காட்டுக் காற்றில் அது 16 விழுக்காடு. கையால் தொட்டால் இரண்டும் ஒரே மாதிரி உலர்ந்ததாகத்தான் தெரியும்.

இங்கேதான் சுவையான இடம் வருகிறது. மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு உப்புவதில்லை. நார்கள் ஓடும் திசையில் அதன் நீளம் மாறுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். நாருக்குக் குறுக்கே நன்றாக மாறும். ஒரு கட்டு வைக்கோலை எண்ணிப் பாருங்கள்: ஒவ்வொரு குழலும் தடித்தால் கட்டின் பருமன் கூடும், நீளம் கூடாது.

வயலினின் மேல்பலகை ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தால் ஆனது. கீழ்ப்பலகையும் பக்கச் சுவர்களும் மேப்பிள் மரம். மேல்பலகையில் நார்கள் கழுத்துப் பக்கமிருந்து அடிப்பக்கத்துக்கு நீளவாட்டில் ஓடுகின்றன. வயலினை உற்றுப் பார்த்தால் மெல்லிய கோடுகளாகத் தெரியும். அதன் அகலமான இடம் ஏறத்தாழ 21 சென்டிமீட்டர். ஸ்புரூஸ் பலகையில் நீர் 1 விழுக்காடு கூடினால் அந்த அகலம் ஏறத்தாழ 0.15 விழுக்காடு கூடும். 10லிருந்து 16க்கு நீர் ஏறினால் 0.9 விழுக்காடு. 21 சென்டிமீட்டரில் அது கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர். அதே நேரத்தில் 35 சென்டிமீட்டர் நீளம் கூடுவதோ 0.1 மில்லிமீட்டர் அளவுக்குத்தான்.

இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம். ஆனால் பக்கச் சுவரை நினைத்துப் பாருங்கள். அது ஒரு மெல்லிய மேப்பிள் பட்டை, சூடுபடுத்தி வளைக்கப்பட்டது. அதன் நார்கள் விளிம்பைச் சுற்றி ஓடுகின்றன. ஆகவே சுற்றளவில் அது நீளாது, சுருங்காது. மேல்பலகை அகலப் பார்க்கிறது. அதோடு ஒட்டப்பட்ட சுவர் அசைய மறுக்கிறது. மேல்பலகைக்கு வேறு வழியில்லாமல் நடுவில் மேலே உயர்கிறது. வறண்ட அறைக்குப் போனால் எதிர்மாறு: பலகை சுருங்கப் பார்க்கிறது, சுவர் விடுவதில்லை, விளிம்பெல்லாம் உள்நோக்கி இழுபடுகிறது. இந்த இழுபறி முழுவதும் ஒட்டின் மீது விழுகிறது.

அந்த ஒட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வயலின் செய்பவர்கள் இன்றும் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசையைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதைவிட வலுவான பசைகள் கடையில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை வேண்டுமென்றே தவிர்க்கிறார்கள். குறிப்பாக மேல்பலகையை ஒட்டும்போது பசையை இன்னும் நீர்க்கக் கரைத்துக்கொள்வதும் உண்டு. காரணம், இழுபறி எல்லை மீறும்போது ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். மரம் விட்டுக்கொடுத்தால் அது விரிசல். வயலினின் மதிப்பே போய்விடும். ஒட்டு விட்டுக்கொடுத்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். மின்சுற்றில் உருகி இழை செய்யும் வேலையை இங்கே பசை செய்கிறது. என் அண்ணன் மகளின் வயலின் கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போகாமல் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது.

அப்படியானால் அந்த ‘ர்ர்ர்’? திறந்துகொண்ட விளிம்பின் இரு பக்கமும் தனித்தனியாக அதிர்ந்து ஒன்றோடொன்று மோதுகின்றன. அந்த இடம் நன்றாக அதிரக்கூடிய சில அதிர்வெண்களில் மட்டும் மோதல் கேட்கிறது. அதனால்தான் இரண்டு மூன்று சுரங்களில் மட்டும் ஈ.

ஒட்டு விடாவிட்டாலும் ஒலி மாறும்

தந்தி தனியாக அதிர்ந்தால் அதிக ஒலி வராது. காற்றைத் தள்ள முடியாத அளவுக்கு அது மெல்லியது. தந்தியின் அதிர்வைக் குதிரை வாங்கி மேல்பலகைக்குக் கொடுக்கிறது. பலகைதான் காற்றை அசைக்கிறது. ஆகவே பலகையின் குணம் மாறினால் வயலினின் குரல் மாறும்.

ஈரம் ஏறும்போது பலகையில் மூன்று மாற்றங்கள் ஒருசேர நடக்கின்றன. எடை கூடுகிறது. மேல்பலகை மொத்தமே 60, 70 கிராம்தான். அதில் நாம் கணக்கிட்ட 6 விழுக்காடு என்பது கிட்டத்தட்ட 4 கிராம். தந்திகளைத் தாங்கும் குதிரையின் எடையே 2 கிராம் அளவுதான் என்பதை நினைவில் வையுங்கள். அடுத்து, மரத்தின் விறைப்புக் குறைகிறது. எடை கூடி விறைப்புக் குறைந்தால் எந்தப் பொருளின் இயல்பு அதிர்வெண்ணும் கீழிறங்கும். ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை மேசை விளிம்பில் பிடித்து நுனியில் களிமண் ஒட்டி அதிரவிட்டால் இதைப் பார்த்துவிடலாம்.

மூன்றாவதுதான் காதுக்கு அதிகம் தெரிவது. ஈர மரம் அதிர்வை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடுகிறது. அதிர்வாற்றலில் கூடுதல் பங்கு நார்களுக்கு இடையிலான உராய்வில் வெப்பமாகப் போய்விடுகிறது. ஒரு சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேற்சுரங்கள்தான் வயலினுக்குப் பளபளப்பைத் தருபவை. அவை விரைவில் அடங்கிவிட்டால் ஒலி மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். மழைக்காலத்தில் “இன்று வயலினுக்குக் குரல் இல்லை” என்று வாசிப்பவர்கள் சொல்வது கற்பனை அல்ல. வறட்சியில் ஒலி பளிச்சென்று இருக்கும். ஆனால் அதிகம் வறண்டால் கீச்சென்று மாறும், விரிசல் பயமும் வரும்.

மேல்பலகை உயர்வதால் இன்னொரு தொல்லை. குதிரையும் சேர்ந்து உயர்கிறது. தந்திகள் விரல்பலகையிலிருந்து விலகுகின்றன. வழக்கமாக அழுத்தும் தந்தியை இப்போது கூடுதலாக அழுத்த வேண்டும். விரல் வலிக்கும். கிட்டாரிலும் இதே கதைதான். வறண்டால் அங்கே பலகை தாழ்ந்து, தந்திகள் மெட்டுகளில் உரசிச் சலசலக்கும்.

பத்து நிமிடத்தில் இறங்கும் சுருதி

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். குளிரூட்டிய அறையில் சுருதி சேர்த்துக்கொண்டு, புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் தீபாவளி நிகழ்ச்சிக்கு வந்து வாசிக்கத் தொடங்கினால், சிறிது நேரத்தில் சுருதி இறங்கிவிடும். பலரும் பழியை ஈரப்பதத்தின் மீது போடுகிறார்கள். அது தவறு. மரம் மந்தமான மாணவன். அதற்குப் பாடம் ஏற மணிக்கணக்கு, நாள்கணக்கு ஆகும். பத்து நிமிடத்தில் நடப்பது வெப்பத்தின் வேலை.

எஃகுத் தந்தி சூட்டில் நீளும். 22 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு வந்தால் அந்த நீட்சி பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் தந்தியை முறுக்கி ஏற்றும்போது அது நீண்டிருப்பதே நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தச் சிறு நீட்சியிலிருந்துதான் அதன் இழுவிசை முழுவதும் வருகிறது. அதில் கொஞ்சம் தளர்ந்தாலும் இழுவிசை ஒரு விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிடும். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் அது ஏறத்தாழ அரை விழுக்காடு இறங்கும். வயலினின் மேல் தந்தி 659 ஹெர்ட்ஸில் இருந்தால் 656 ஆகிவிடும். சரியான சுருதியில் இருக்கும் இன்னொரு வயலினோடு சேர்ந்து ஒலிக்கும்போது, ஒலி நொடிக்கு மூன்று தடவை ஏறி இறங்குவது தெளிவாகக் கேட்கும்.

வெளியே வந்ததும் இன்னொன்றும் நடக்கிறது. கடைத்தொகுதியிலிருந்து வெளியே வரும்போது மூக்குக்கண்ணாடியில் பனி படர்கிறதே, நினைவிருக்கிறதா? 30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரமுள்ள காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் துளிகளாகப் படியத் தொடங்கும். உங்கள் கண்ணாடி 22 டிகிரி. வயலினும் 22 டிகிரி. கண்ணாடியில் படிவதைப் பார்த்துத் துடைத்துவிடுகிறீர்கள். வயலினின் உட்புறத்தில் படிவதை யாரும் பார்ப்பதில்லை. உட்புற மரத்துக்குப் பெரும்பாலும் வார்னிஷும் கிடையாது. தலைப்புக்கு இதுதான் பதில்: வயலின் தானாக வியர்ப்பதில்லை, நாம் வியர்க்க வைக்கிறோம். பெட்டியைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்திருந்தால் போதும். வயலின் வெதுவெதுப்பான பிறகு துளி படியாது.

வில்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் கட்டியிருப்பது குதிரை வால் முடி. ஈரத்தில் முடி நீளும், வறட்சியில் குறுகும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஓராஸ் பெனடிக்ட் டி சோசூர் என்ற அறிவியலாளர், 18ஆம் நூற்றாண்டிலேயே மனித முடியின் இந்தக் குணத்தை வைத்து ஈரப்பதமானி செய்தார். எண்ணெய்ப் பசை நீக்கிய ஒரு முடி, காற்றின் வறட்சி முழு ஈரமாக மாறும்போது இரண்டு விழுக்காட்டுக்கு மேல் நீளும். அதில் ஒரு முள்ளைக் கட்டினால் கருவி தயார். வயலின் வாசிக்கும் ஒவ்வொருவர் கையிலும் அப்படி ஒரு கருவி இருக்கிறது. வில்லை வழக்கத்தைவிட இரண்டு சுற்று அதிகம் முறுக்க வேண்டியிருந்தால் காற்றில் ஈரம் அதிகம். வாசித்து முடித்ததும் முடியைத் தளர்த்திவிடச் சொல்வதும் இதற்காகத்தான். இறுக்கியபடியே குளிரூட்டிய அறையில் விட்டால் முடி இன்னும் குறுகி வில்லின் குச்சியை வளைத்துவிடும்.

பிரடைகளும் இதே பாட்டுத்தான் பாடும். துளைக்குள் உராய்வால் மட்டுமே நிற்கும் மரத் திருகுகள் அவை. ஈரத்தில் பெருத்து அசைய மறுக்கும். வறட்சியில் சுருங்கி வழுக்கி, பாதிப் பாட்டில் தந்தியைத் தளரவிடும்.

வீணையும் மிருதங்கமும்

வீட்டில் வீணை உள்ளவர்கள் இந்நேரம் கவலைப்படத் தொடங்கியிருப்பீர்கள். தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் குடைந்தது. குடமும் தண்டியும் ஒரே கட்டையிலிருந்து வந்தால் ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. சுவர்கள் வயலினைவிடத் தடிமன் என்பதால் வீணை இன்னும் மெதுவாக மாறும். அதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. அதன் 24 மெட்டுகள் தேன்மெழுகில் கரித்தூள் கலந்த கலவையின் மேல் நிற்கின்றன. ஈரம் அந்த மெழுகை ஒன்றும் செய்யாது, சூடு செய்யும். வெயிலில் நிறுத்திய காரில் வீணையை ஒரு பிற்பகல் விட்டுவைத்தால் மெழுகு இளகி மெட்டுகள் இடம் மாறலாம். பிறகு மேளம் கட்டத் தெரிந்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டியதுதான்.

வீணை, தம்பூரா ஆகியவற்றின் குதிரை வயலினுடையதைப் போல் கூர்மையாக இல்லாமல் மேற்புறம் வளைந்து அகலமாக இருக்கும். மேற்சுரங்கள் செழிப்பாக ஒலிக்க அந்த வளைவுதான் காரணம் என்பதைச் சர் சி.வி.ராமன் 1921இல் ஆராய்ந்து எழுதினார். நோபெல் பரிசு பெற்றுத் தந்த ஒளியாய்வுக்கு முன்பே அவர் வயலினிலும் வீணையிலும் மூழ்கியிருந்தவர். தம்பூராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே வைக்கும் நூலை மயிரிழை அளவு நகர்த்தித்தான் அந்த ரீங்காரத்தைக் கண்டுபிடிப்பார்கள். இவ்வளவு நுட்பமான இடத்தில் மரம் சற்றே உப்பினாலும் நூலை மறுபடி நகர்த்த வேண்டும்.

மிருதங்கம் தந்தி வாத்தியம் அல்ல. ஆனாலும் கேள்வி வரும் என்பதால் சொல்லிவிடுகிறேன். அதன் கட்டை பலா மரமாக இருந்தாலும் ஈரத்தை முதலில் உணர்வது தோல். தோல் மரத்தைவிட வெகு வேகமாக நீரை ஏற்றுத் தளரும். மேடையில் வயலின் கலைஞர் பொறுமையாக உட்கார்ந்திருக்க, மிருதங்கக் கலைஞர் கல்லும் கட்டையுமாக விளிம்பைத் தட்டிக்கொண்டிருப்பதன் பின்னணி இதுதான்.

இன்னொரு கேள்வியும் வழக்கமாக வரும்: ஈரக் காற்று ஒலியை விழுங்கிவிடாதா? உண்மை இதற்கு நேர் எதிர். உயர்ந்த அதிர்வெண்களை அதிகம் விழுங்குவது வறண்ட காற்றுதான். ஈரக் காற்றில் ஒலியின் வேகமும் சற்றுக் கூடுகிறது. ஈரப்பதம் 50லிருந்து 90க்கு ஏறினாலும் அந்தக் கூடுதல் அரை விழுக்காடுகூட இல்லை. புல்லாங்குழலுக்கு அது கொஞ்சம் பொருட்டு. தந்தியின் சுருதியைத் தீர்மானிப்பது தந்தியே தவிரக் காற்று அல்ல.

என்ன செய்யலாம்?

பொதுவாக 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம் நல்லது என்று சொல்வார்கள். வீவக வீட்டில் அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு ஓடத் தேவையில்லை என்பது என் கருத்து. எப்போதும் 65 என்றிருக்கும் இடம், ஒரு வாரம் 50, மறு வாரம் 85 என்று ஊசலாடும் இடத்தைவிட மேல். மரத்தை வருத்துவது ஈரத்தைவிட அதன் ஏற்றயிறக்கம்தான். ஆனால் 80ஐ ஒட்டி நாள்கணக்கில் கிடந்தால் பூஞ்சை வரும். அதற்கும் இடம் தரக்கூடாது.

மிகச் சிறந்த பாதுகாப்பு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது: வயலின் பெட்டி. மூடிய பெட்டிக்குள் காற்று மெதுவாகத்தான் மாறும். தாங்கியில் நிறுத்தி வைப்பது படம் எடுக்க அழகு, மரத்துக்கு நல்லதல்ல. சிறிய ஈரப்பதமானி ஒன்றைப் பெட்டிக்குள் வையுங்கள். எண் 70ஐத் தாண்டினால் ஒன்றிரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம். அள்ளிப் போட்டுவிடாதீர்கள், சிறிய பெட்டிக்குள் அது பாலைவனத்தையே உருவாக்கிவிடும். ஒட்டு விட்டிருந்தால், தயவுசெய்து, வீட்டிலுள்ள ‘சூப்பர் குளூ’வைத் தொடாதீர்கள். அடுத்த முறை விட்டுக்கொடுக்க அந்த ஒட்டுக்குத் தெரியாது.

மரம் நீர் குடிப்பதை நம்ப முடியவில்லையா? கைவினைக் கடையில் விற்கும் ஐஸ்கிரீம் குச்சிகள் நூறு வாங்குங்கள். ஒரு நாள் முழுவதும் திறந்த சன்னல் அருகே பரப்பி வைத்துவிட்டு, சமையலறை மின்னியல் தராசில் எடை பாருங்கள். பிறகு காற்றுப் புகாத டப்பாவில் நாலைந்து பெரிய சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூன்று நாள் மூடி வையுங்கள். மறுபடி எடை போடுங்கள். 100 கிராம் குச்சிகளில் சில கிராமாவது காணாமல் போயிருக்கும். மீண்டும் சன்னலருகே ஒரு நாள் வைத்தால் காணாமல் போனது திரும்ப வரும். மழை நாளில் செய்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

அந்த வயலின் கதைக்கு வருவோம். பழுதுபார்ப்பவர் திறந்த இடத்தில் மெல்லிய கத்தியால் சுடுபசையைத் தடவி, சிறு பிடிப்பான்களால் இறுக்கி, ஒரு நாள் வைத்திருந்தார். ஈ போய்விட்டது. இப்போது வயலின் பெட்டியில் தூங்குகிறது. ஈரப்பதமானி 62 காட்டுகிறது என்று போன வாரம் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள்.

வயலினை வாங்கி வந்த மறுநாளே அவள் பள்ளிக்குப் போய், குழுவிலுள்ள எல்லா வயலின்களையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்திருக்கிறாள். டொக், டொக், டொக். பதினான்கில் இரண்டு, டப் என்றனவாம். அதில் ஒன்று, ‘உனக்கு வில் பிடிக்கத் தெரியவில்லை’ என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த ஓர் உயர்நிலை ஒன்று மாணவனுடையது.